வேண்டுதலும் விசுவாசமும்: தமிழ்க் கிறித்தவ செப வாழ்வின் வரலாறு

தமிழ்க் கிறித்தவர்கள் கடவுளோடு பேசுவதையும் அவர் முன் அமைதியாக இருப்பதையும் குறிக்க வழங்கும் சொல் செபம். கத்தோலிக்கர் 'செபம்' என்றும் சீர்திருத்தத் திருச்சபையினர் 'ஜெபம்' என்றும் எழுதுவது வழக்கம். இறைப்பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வதைக் குறிக்கும் 'ஜபம்' என்ற வடசொல்லே இதன் மூலம். முத்துக்குளித்துறையில் மனப்பாடமாகத் தொடங்கிய தமிழ்ச் செபம் அச்சு நூலாகவும் கீர்த்தனையாகவும் கண்ணீராகவும் மௌனமாகவும் வளர்ந்தது. ஏறத்தாழ 480 ஆண்டுக் கால அந்த வளர்ச்சியை, 1544-ல் ஒரு கடிதத்தில் செய்யப்பட்ட ஒரு சொல் திருத்தத்தை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லும் மண்ணும்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் சாலையில், பாலுசெட்டி சத்திரத்துக்கு அருகே உள்ளது திருப்புட்குழி. 108 வைணவத் திருப்பதிகளுள் ஒன்றான இவ்வூரைத் திருமங்கையாழ்வார் பாடியுள்ளார். சடாயு என்னும் புள்ளுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம். ஊர்ப் பெயரில் உள்ள 'புள்' அதையே குறிக்கிறது. இங்குள்ள விசயராகவப் பெருமாள் கோயிலில் மரகதவல்லித் தாயாரிடம் பிள்ளை வரம் கேட்கும் பெண்களுக்கு வறுத்த பயறு தரப்படும். அதை மடியில் கட்டிக்கொண்டு இரவு உறங்க வேண்டும். விடிந்ததும் பயறு முளைத்திருந்தால் வேண்டுதல் பலித்தது என்பது நம்பிக்கை.

வறுத்த பயறு முளைக்காது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். தெரிந்தே மடியில் கட்டிக்கொள்கிறார்கள். ஆசையும் நம்பிக்கையும் அந்த முடிச்சில் ஒன்றாகவே கிடக்கின்றன. தமிழ்ச் சொல்லிலும் அவ்வாறே. 'வேண்டு' என்ற வினைக்கு விரும்பு என்றும் பொருள், இறைவனிடம் மன்றாடு என்றும் பொருள். 'எனக்கு இது வேண்டும்' என்று சொல்லும்போதும், 'கடவுளை வேண்டினேன்' என்று சொல்லும்போதும் நாம் ஒரே வேர்ச்சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம்.

கிறித்தவ செபம் தமிழுக்கு வந்தபோது வந்து இறங்கியது இப்படிப்பட்ட மொழிக்குள்தான். வேளாங்கண்ணியில் இன்றும் தொட்டில் கட்டுவோரும் நடைபயணமாக வருவோரும் தங்கள் செயலுக்கு 'வேண்டுதல்' என்றே பெயர் சொல்கிறார்கள். கேட்பதிலிருந்து நம்புவது எப்படி வேறுபடுகிறது என்ற கேள்வி தமிழ்க் கிறித்தவ செபத்துக்குள் முதல் தலைமுறையிலேயே எழுந்துவிட்டது.

முத்துக்குளித்துறையில் மனப்பாடம்

1535-க்கும் 1537-க்கும் இடையே முத்துக்குளித்துறையின் பரதவர்கள் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு அப்போது அவர்களுக்குத் தேவைப்பட்டது. திருமுழுக்குக்குப் பின் அவர்களுக்குக் கற்பிக்க ஆளில்லை. 1542-ல் கோவா வந்த பிரான்சிசு சவேரியார் அதே ஆண்டின் பிற்பகுதியில் இக்கரைக்கு வந்தபோது, தாங்கள் கிறித்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், அருள் நிறைந்த மரியே முதலியவற்றைத் தமிழாக்கச் செய்தார். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களையும் பெரியவர்களையும் அழைத்தார். நாள்தோறும் இரு முறை சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நோயுற்றோர் வீடுகளுக்கும் பிள்ளைகளையே அனுப்பிச் செபம் சொல்லச் செய்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதம் இவற்றை விரிவாகச் சொல்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் முழுவதும் கூடியது. விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியாகச் சொல்லி, இதை நம்புகிறீர்களா என்று அவர் கேட்பார். மக்கள் கைகளைச் சிலுவைபோல மார்பில் குறுக்காக வைத்து, ஆம் என்று பதில் சொல்வார்கள். அதன்பின், அந்தப் பகுதியை உறுதியாக நம்பும் அருளைத் தரும்படி எல்லாரும் சேர்ந்து மன்றாடுவார்கள். பாடம் சொல்லிக்கொடுத்த முறையே செபமாகவும் இருந்தது.

அதே 1544-ல், தம்முடன் பணியாற்றிய பிரான்சிசுகோ மன்சில்லாசுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று சொல்லி வந்த இடத்தை மாற்றி, 'விசுவாசம்' என்று பொருள்படும் சொல்லைப் பயன்படுத்தும்படி கேட்கிறார். முன்னது 'எனக்கு விருப்பம்' என்றும் பின்னது 'நான் நம்புகிறேன்' என்றும் பொருள் தருவதே காரணம் என்று அவரே விளக்குகிறார். கிறித்து துன்பப்பட்டதைச் சொல்லும் இடத்திலும், வற்புறுத்தலால் என்று பொருள்படும் ஒரு சொல்லை நீக்கச் சொல்கிறார். கிறித்து தம் விருப்பத்தோடு பாடுபட்டார் என்பதே கோட்பாடு.

அதுவரை கடற்கரை மக்கள் மார்பில் கைவைத்துச் சொன்னதன் நேர்ப்பொருள் 'கடவுள் எனக்கு வேணும்' என்பதாகவே இருந்திருக்கும். இதை மொழிபெயர்ப்புப் பிழை என்று மட்டும் பார்த்துக் கடந்துவிடலாம். ஆனால் மன்னர்களுக்கும் கடற்கொள்ளையருக்கும் நடுவில் வாழ்ந்த ஒரு மக்கள் கூட்டத்துக்கு 'வேணும்' என்பது பொய்யான சொல் அல்ல. அவர்கள் கிறித்தவத்துக்கு வந்ததே ஒரு தேவையின் வழியாகத்தான். அந்தத் தேவையிலிருந்து நம்பிக்கைக்கு அவர்களை அழைத்துச் செல்வதே சவேரியார் மேற்கொண்ட பணி. அதற்கு அவர் முதலில் ஒரு சொல்லை மாற்ற வேண்டியிருந்தது.

அச்சேறிய செபம்

தமிழ்ச் செபங்கள் முதலில் அச்சானது லிசுபனில். 1554-ல் வெளியான அச்சிறுநூலில் தமிழ் உரோமன் எழுத்துகளில் அச்சிடப்பட்டது. அதை ஆக்கியவர்கள் லிசுபனில் வாழ்ந்த தமிழர் மூவர். வின்சென்டே தெ நசரே, சோர்சே கார்வாலோ, தோமா தா குரூசு என்ற போர்த்துக்கீசியத் திருமுழுக்குப் பெயர்களே இன்று நமக்குத் தெரியும்.

தமிழ் எழுத்திலேயே செபத்தை அச்சிட்டவர் என்றிக்கே என்றிக்கசு (1520–1600). 1540-களின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்த இவர், மொழிபெயர்ப்பாளர் துணையின்றித் தாமே தமிழ் கற்றார், இலக்கணக் குறிப்பும் எழுதினார். 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சாகி முடிந்தது. அது 16 பக்கங்கள் கொண்ட சிறு நூல். இந்திய மொழி ஒன்றின் எழுத்துகளில் இந்தியாவில் அச்சான, இன்று கிடைக்கும் முதல் நூல் இதுவே. அச்சுப் பணிக்குக் கடற்கரை மக்களே பணம் திரட்டித் தந்தனர். சைவ மரபில் இறைவனுக்கும் மடத்துத் துறவிகளுக்கும் வழங்கிய 'தம்பிரான்' என்ற சொல்லை அவர் தலைப்பிலேயே எடுத்துக்கொண்டார். 1579-ல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளியானது.

இந்த வரிசையில் அடுத்து வந்த இரு நூல்களும் செப வாழ்வின் வளர்ச்சியைக் காட்டுகின்றன. 1580-ல் வந்தது பாவ அறிக்கைக்கான கையேடு. வாசிப்பவர் தம் நாளையும் தம் மனத்தையும் தாமே ஆராய அது வழிகாட்டியது. 1586-ல் வந்த 'அடியார் வரலாறு' புனிதர்களின் வாழ்வைச் சொன்னது. மனப்பாடச் செபத்தில் வாய் மட்டும் அசையலாம். ஆனால் இன்று யாரை ஏமாற்றினேன் என்ற கேள்விக்கு வாய் மட்டும் பதில் சொல்ல முடியாது. செபத்துக்கு முன் தன்னைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் தமிழ் அச்சில் இவ்வாறு இடம்பெற்றது.

17-ஆம் நூற்றாண்டில் மதுரையில் பணியாற்றிய இராபர்ட் தெ நொபிலி (1577–1656) கோவில், பூசை, அருள், பிரசாதம், குரு, வேதம் போன்ற சொற்களைக் கிறித்தவ வழக்கில் நிலைபெறச் செய்தார். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் (1680–1747) தேம்பாவணியையும், ஏலாக்குறிச்சி மாதாவின் மீது திருக்காவலூர்க் கலம்பகத்தையும் பாடினார். ஆயினும் கத்தோலிக்கத் திருப்பலி இலத்தீனில்தான் நடந்தது. பீடத்தில் குரு இலத்தீனில் வேண்ட, மக்கள் தங்கள் பங்குக்குத் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனர். 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழிக்கு வழிதிறந்த பிறகே திருப்பலி தமிழில் ஒலித்தது.

தரங்கம்பாடியும் சொந்தச் சொல்லும்

1706 சூலை 9-ல் தரங்கம்பாடிக்கு வந்த பார்த்தலோமேயு சீகன்பால்கு செருமனியின் பக்தி இயக்கத்தில் உருவானவர். ஆலே நகரை மையமாகக் கொண்ட அவ்வியக்கம், சடங்கைவிட மனமாற்றத்துக்கும், வேதவாசிப்புக்கும், சொந்தச் சொற்களில் செய்யும் செபத்துக்கும் முதன்மை தந்தது. 1714–1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சானது. எழுதப் படிக்கத் தெரிந்த தமிழ்க் கிறித்தவர் ஒருவர் காலையில் ஒரு பகுதியை வாசித்து, அதையொட்டித் தம் சொந்த வார்த்தைகளில் செபிக்க அதனால் வழி ஏற்பட்டது.

ஒரு குறை மட்டும் எஞ்சியது. செருமானிய ஞானப்பாட்டுகள் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, செருமானிய மெட்டிலேயே பாடப்பட்டன. யோகான் பிலிப்பு பப்ரிசியசு (1711–1791) செய்த மொழிபெயர்ப்புகள் இன்றும் உலுத்தரன் சபைகளில் மதிக்கப்படுகின்றன. ஆனாலும் மெட்டு வெளியூராக இருந்தது. கோயில் வாசலிலும் வயலிலும் தமிழன் பாடிய முறை வேறு.

கீர்த்தனையாகிய செபம்

அந்த இடைவெளியை நிரப்பியவர் தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சையில் சுவார்ட்சு ஐயரிடம் வளர்ந்தவர். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசியின் நட்பைப் பெற்றவர். 1800-ல் 'பெத்லகேம் குறவஞ்சி'யை இயற்றினார். அவருடைய 'செபமாலை' செபத்துக்கும் துதிக்கும் உரிய பாடல்களின் தொகுப்பு. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கருநாடக இசை அமைப்பில் அவர் எழுதிய கீர்த்தனைகள் சபை வழிபாட்டிலும் வீட்டு வழிபாட்டிலும் இடம்பெற்றன. 1853-ல் அமெரிக்க மதுரை மிசனைச் சேர்ந்த எட்வர்டு வெப் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பு இவற்றைத் தஞ்சைக்கு வெளியேயும் பரப்பியது.

கீர்த்தனை செபத்தில் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது? பல்லவி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பாடுபவர் அதே வரிக்குத் திரும்புகிறார். ஆனால் இடையில் கேட்ட சரணத்தால் அந்த வரியின் நிறம் மாறியிருக்கும். 'ஜபம்' என்ற சொல்லின் மூலப்பொருளான திரும்பச் சொல்லுதல் இங்கே வெறும் மனப்பாடமாக நிற்கவில்லை. படிக்கத் தெரியாத ஒரு பாட்டி அரிசி புடைத்துக்கொண்டே செபிக்க முடிந்தது.

இந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1820-களில் வந்த புதிய மிசனரிகள் தமிழ் மெட்டுகளையும் பழைய வேதாகம மொழிபெயர்ப்பையும் மாற்ற முற்பட்டபோது சாத்திரியார் எதிர்த்து நின்றார். ஆலயத்தில் சாதிப் பாகுபாடு கூடாது என்று அதே மிசனரிகள் வற்புறுத்தியபோதும் அவர் எதிர்த்தார், சாதி வழக்கங்களை நியாயப்படுத்தி எழுதினார். தமிழ்ச் செபத்துக்கு மிகச் சிறந்த குரலைத் தந்தவரே, யார் யாருடன் அமர்ந்து செபிப்பது என்ற கேள்வியில் தம் காலத்தைத் தாண்டவில்லை.

1860: கண்ணீரும் ஐயமும்

1860-ல் திருநெல்வேலிப் பகுதியில் ஓர் எழுப்புதல் ஏற்பட்டது. அதன் மையத்தில் இருந்தவர் சான் கிறித்தியன் அருளப்பன் (1810–1867). இரேனியசு ஐயரின் மாணவர். பிற்பாடு அந்தோணி நாரிசு குரோவ்சு என்ற ஆங்கிலேயருடன் பழகி, மிசன் சம்பளத்தை நம்பாமல் ஊழியம் செய்ய வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1840-ல் கிறித்தியான்பேட்டை என்ற சிற்றூரை நிறுவினார்.

அவ்வெழுப்புதலில் மக்கள் அழுது பாவங்களை அறிக்கையிட்டனர், தரிசனம் கண்டதாகச் சொன்னனர், அந்நிய பாசையில் பேசினர். பெண்களும் எளியவர்களும் எழுந்து செபித்தனர், ஊர் ஊராகச் சென்றனர். மேலை நாடுகளில் பெந்தெகொசுதே இயக்கம் தோன்றுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே இது தமிழ்நாட்டில் நடந்தது. மிசனரிகளில் சிலர் வரவேற்றனர், சிலர் அஞ்சினர். உணர்ச்சிப் பெருக்கு ஆழமான செபத்தின் அடையாளமா என்று அன்று எழுந்த கேள்வி இன்றைய உபவாசக் கூட்டங்களிலும் எழுகிறது. அருளப்பனின் வாழ்வு அதற்கு ஒரு விடை தருகிறது. எழுப்புதலுக்கு முன் இருபது ஆண்டுகள் அவர் வேதம் வாசித்தும், பயிரிட்டும், கற்பித்தும் ஒரே ஊரில் நிலைத்திருந்தார்.

வைணவப் புலவரும் நிலைத்திருத்தலும்

எச். ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900) திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பனில் தோய்ந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தபோது கிறித்தவத்தை அறிந்து, 1858-ல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். சான் பனியனின் 'பரதேசியின் மோட்சப் பிரயாணம்' என்ற கதையைத் தழுவி, 3,700-க்கும் மேற்பட்ட பாடல்களில் அவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-ல் வெளிவந்தது. 'இரட்சணிய மனோகரம்' 1899-ல் வந்தது.

யாத்திரிகத்தில் கதை ஓடும்போதே இடையிடையே தேவாரங்கள் வருகின்றன. கதையை நிறுத்திவிட்டு அடியவன் நேரே இறைவனோடு பேசும் இடங்கள் அவை. திருப்புட்குழி போன்ற திருப்பதிகளில் ஆழ்வார்கள் பெருமாளிடம் பேசிய தொனியை அறிந்த ஒருவர், அதே உரிமையோடும் அதே உருக்கத்தோடும் கிறித்துவிடம் பேசினார். தன் தகுதியின்மையைச் சொல்லிச் சரணடையும் வைணவ மனம் அவருடைய செபத்தில் வற்றிவிடவில்லை.

இந்த அனுபவத்துக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் ஏ. சே. அப்பாசாமி (1891–1975). அவருடைய தந்தை சைவ மரபிலிருந்து கிறித்தவரானவர், கிருட்டிணபிள்ளையால் தூண்டப்பட்டவர். முதிய வயதில் தியானப் பயிற்சியிலும் ஈடுபட்டார். மகன் அப்பாசாமி பிற்காலத்தில் கோயம்புத்தூர்ப் பேராயரானார். கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கும் அவரது ஆங்கில நூல் 1927-ல் வந்தது. யோவான் நற்செய்தியில் கிறித்து சொல்லும் 'நிலைத்திருத்தல்' என்ற கருத்தைத் தமிழ்ப் பக்தியின் வெளிச்சத்தில் அவர் வாசித்தார். அவரைப் பொறுத்தவரை, பெற்றுக்கொண்டு திரும்பிப்போவது செபத்தின் முடிவல்ல. திராட்சைக் கொடியில் கிளைபோல ஒட்டியிருப்பதே அதன் நிறைவு.

ஆசிரமங்களில் மௌனம்

1921-ல் திருப்பத்தூரில் கிறித்துகுல ஆசிரமம் தொடங்கியது. நிறுவியவர்கள் இருவரும் மருத்துவர்கள். ஒருவர் சவரிராயன் சேசுதாசன் (1882–1969), மற்றவர் இசுகாட்லாந்தைச் சேர்ந்த எர்னசுட்டு பாரசுட்டர் பேட்டன் (1891–1970). கதர் உடுத்து, மணம் செய்யாமல், தரையில் அமர்ந்து உண்டு, ஏழைகளுக்கு மருத்துவம் செய்தனர். அவர்கள் கட்டிய செபாலயம் கோபுரத்தோடு திராவிடக் கோயில் அமைப்பில் எழுந்தது. தமிழனும் வெள்ளையனும் சமமாக அமர்ந்து செபித்தது அன்றைய காலனிய இந்தியாவில் அரசியல் செயலாகவும் இருந்தது.

1950 மார்ச் 21-ல் குளித்தலைக்கு அருகே காவிரிக்கரையில் தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமம் பிறந்தது. சாந்திவனம் என்ற பெயரே பலருக்குத் தெரியும். நிறுவியவர்கள் பிரெஞ்சுத் துறவிகளான சூல் மொன்சனேனும் (1895–1957) அபிசிக்தானந்தர் எனப் பெயர் கொண்ட ஆன்றி லெ சோவும் (1910–1973). அபிசிக்தானந்தர் 1949-ல் திருவண்ணாமலையில் இரமண மகரிசியைக் கண்டார். அதன்பின் அருணாசலக் குகைகளில் தங்கினார். சொல்லும் கேட்பும் அடங்கி இறைவனின் முன்னிலையில் இருப்பதே செபம் என்பதை அவர் எழுத்து வலியுறுத்தியது. அத்வைத அனுபவத்துக்கும் கிறித்தவ வழிபாட்டுக்கும் இடையிலான இழுபறி அவரை இறுதிவரை விடவில்லை.

1968-ல் சாந்திவனத்தின் பொறுப்பை ஏற்ற பீட் கிரிபித்சு (1906–1993) காலத்தில் காலை, நண்பகல், மாலை வழிபாடுகளில் விவிலியத்தோடு உபநிடதங்களும் தமிழ்ப் பக்திப் பாடல்களும் இடம்பெற்றன. உதயத்திலும் அந்தியிலும் தியானத்துக்கு நேரம் ஒதுக்கப்பட்டது. இது கிறித்தவத்தைக் கலப்படம் செய்கிறது என்று கிறித்தவர்களில் சிலரும், மதமாற்றத்துக்கான வேடம் என்று இந்துக்களில் சிலரும் குற்றஞ்சாட்டினர். அக்கேள்விகள் இன்னும் முடியவில்லை.

சுவரின் இருபுறமும்

மௌனத்தின் ஆழத்தைப் பேசும் வரலாறு ஒரு சுவரைக் கடந்துதான் வர வேண்டும். திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட கத்தோலிக்கக் கோயில் இரண்டு கிளைகளாகப் பிரிந்து ஒரே பீடத்தில் சேரும் அமைப்புடையது. வேளாளரும் பிறரும் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பூசையைக் காண்பதற்கான ஏற்பாடு அது. இடையிலிருந்த தடுப்பு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. அதுவும் நீதிமன்ற வழக்குவரை சென்றது.

அந்தச் சுவரின் இரு பக்கமும் ஒரே செபத்தைத்தான் சொன்னார்கள். கர்த்தர் கற்பித்த செபம் தமிழில் கடவுளை 'எங்கள்' தந்தை என்று அழைக்கிறது. தமிழில் 'நம்' என்றால் கேட்பவரும் உட்பட, 'எங்கள்' என்றால் கேட்பவர் நீங்கலாக. இங்கே கேட்பவர் கடவுள். அவர் ஒருவரைத் தவிர வேறு யாரையும் விலக்க அந்த 'எங்கள்' இடம் தரவில்லை. ஆனால் செபித்தவர்கள் சுவருக்கு இப்பால் உள்ளவர்களை மட்டுமே அதில் எண்ணினார்கள்.

மீண்டும் 'வேணும்'

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய சேம்சு தியோபிலசு அப்பாவு (1940–2005), 'பரட்டை' என்ற பெயரில் அறியப்பட்டவர். கருநாடக இசைக் கீர்த்தனையும் செந்தமிழும் மேல்சாதியின் குரலாகவே இருக்கின்றன என்று கருதிய அவர், பறையும் நாட்டுப்புற மெட்டும் பேச்சுத் தமிழும் கொண்ட வழிபாட்டை உருவாக்கினார். பள்ளிக்கூடம் போகாத தலித் தொழிலாளி தன் வீட்டுப் பேச்சிலேயே கடவுளைக் கூப்பிட முடிய வேண்டும் என்பது அவர் நோக்கம். எல்லாரும் கொண்டுவந்து ஒன்றாகப் பொங்கி ஒன்றாக உண்ணும் பொது உலை அவருடைய பாடல்களிலும் இறையியலிலும் மையமான கருத்து.

இங்கே 1544-ன் திருத்தம் புதிய வெளிச்சம் பெறுகிறது. கேட்பது தாழ்ந்த செபம், மௌனமே உயர்ந்த செபம் என்ற ஓர் ஏணியைப் பலர் மனத்தில் வைத்திருக்கிறார்கள். பசியில்லாதவருக்கு அந்த ஏணி எளிது. ஆனால் கிறித்து கற்பித்த செபமே அன்றாட உணவைக் கேட்கிறது. 'எனக்கு வேணும்' என்பது 'எல்லாருக்கும் வேணும்' என்று மாறும்போது, வேண்டுதலுக்கும் விசுவாசத்துக்கும் இடையே இருந்த தூரம் குறைகிறது.

வரலாறு காட்டும் வழி

செப வாழ்வை ஆழப்படுத்த விரும்புவோர் பலர் நேரத்தையோ முறையையோதான் முதலில் தேடுகிறார்கள். தமிழ்க் கிறித்தவ வரலாறு அதோடு வேறு சில கேள்விகளையும் முன்வைக்கிறது. சொல்கிற சொல்லின் பொருள் எனக்குத் தெரியுமா என்று சவேரியாரின் கடிதம் கேட்கிறது. இன்றைய நாளை நேர்மையாகப் பார்த்தேனா என்பது என்றிக்கசின் கையேட்டுக்குள் இருக்கும் கேள்வி. என் சொந்தக் குரலில் பேசுகிறேனா என்று கீர்த்தனையும் தேவாரமும் கேட்கின்றன. கேட்டு முடித்த பின்னும் அங்கேயே இருக்கிறேனா என்று அப்பாசாமியும் ஆசிரமங்களும் கேட்கின்றன. என் 'எங்கள்' என்ற சொல்லுக்குள் யார் இல்லை என்பது வடக்கன்குளத்துச் சுவர் எழுப்பும் கேள்வி.

இவற்றுள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடுவதால் வரும் குறையையும் இந்த வரலாறு மறைக்கவில்லை. இனிய கீர்த்தனை பாடியவர் சாதியை விடவில்லை. கண்ணீர் பெருகிய கூட்டங்கள் எல்லாம் நிலைத்த வாழ்வாக மாறவில்லை. மனப்பாடத்தையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மணியோசை கேட்டு ஓடிவந்த பரதவச் சிறுவர்கள் கற்ற செபங்களை அவர்களின் வழிவந்தோர் மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் தூத்துக்குடியிலும் இன்றும் சொல்கிறார்கள்.

விசுவாசப் பிரமாணத்தில் இன்று சீர்திருத்தச் சபைகள் 'விசுவாசிக்கிறேன்' என்றும், கத்தோலிக்கர் 'நம்புகிறேன்' என்றும் சொல்கிறார்கள். 'எனக்கு வேணும்' என்ற பழைய சொல் அந்த இடத்திலிருந்து போய்விட்டது. ஆனால் பிரமாணம் முடிந்ததும் வரும் மன்றாட்டுகளில், மழைக்காகவும் நோயாளிக்காகவும் வேலையில்லாதவருக்காகவும், அது வேறு உருவில் திரும்பி வருகிறது. ஞாயிறு வழிபாட்டில் முதலில் நம்பிக்கை அறிக்கை, அதையடுத்து வேண்டுதல் என்பது இன்றைய ஒழுங்கு. நம்பிக்கைப் பகுதி ஒவ்வொன்றையும் அறிக்கையிட்டு, உடனே அதற்கான அருளை வேண்டிய முத்துக்குளித்துறை மக்களும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் செபித்தார்கள்.